பியெத்ராசேராக் கோட்டைக் கதவைத் திறந்தது யார்

போன வருடம் என் முழங்கால்கள் இனிப் படியேற மாட்டோம் என்று முடிவெடுத்துவிட்டன. அதோடு வேலையை விட்டேன். இப்போது இத்தாலியில், பலெர்மோ நகரத்துப் பிரான்காச்சோவில் நான்காம் மாடியில் இருக்கிறேன். லிஃப்ட் பழுதான நாட்களில் வெளியே போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படியாவது பஸ் பிடித்துத் தமிழ்ப் பூசைக்குப் போய்விடுவேன். பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது, வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்கள் வந்து பக்கத்தில் உட்காருவார்கள். அவர்களில் வன்னியிலிருந்து வந்த சுகந்தி அண்மையில் ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, நான் பாக்கிற மனிசி வெளியிலை நடக்கப் போவம் எண்டு அழுகிறா. மகன் மிலானோவிலை இருந்து கமெராவிலை பாத்துக்கொண்டு, கூட்டிக்கொண்டு போகாதை எண்டுறான். நான் ஆற்றை சொல்லைக் கேக்கிறது?"

அவளுடைய கோப்பையை நிரப்பிக் கொடுத்தேன். பதில் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி மனதைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. பியெத்ராசேராவில் எனக்கு நடந்ததை எழுதலாம் என்று அப்போதுதான் தோன்றியது. அதைப் பற்றி அந்த ஊரில் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையில் நான் இல்லை.

என் முதல் வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மன்னாரிலிருந்து வந்தேன். மாடிப்படிகள் கழுவினேன், பிள்ளை பார்த்தேன், ஒரு கிழவருக்குச் சமைத்தேன். இத்தாலியன் மொழியைக் குசினிகளில்தான் படித்தேன். என் கணவர் அன்ரன் கடலோர ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் வேலை செய்தார். அங்கே சாப்பிட வரும் ஒருவர் சொல்லித்தான் நகரத்தின் பழைய பகுதியான கால்சாவில், பறோனெஸா என்ற பட்டம் உள்ள ஒரு பிரபுக் குடும்பத்துச் சீமாட்டியின் வீட்டு வேலை எனக்குக் கிடைத்தது.

அந்த மாளிகை முழுவதும் ஒருகாலத்தில் அவர்களுடையது. நான் போனபோது நடு மாடி மட்டும் மிஞ்சியிருந்தது. கீழே மதுக்கடை, மேலே சுற்றுலாக்காரருக்கு வாடகை அறைகள். பறோனெஸா கலியாணம் முடிக்கவில்லை. ஒரே தம்பியும் இறந்துவிட்டார். தம்பியின் மகன் கோராதோ, பலெர்மோவிலேயே வக்கீல். குடும்பம் என்று சொல்ல அவ்வளவுதான்.

பறோனெஸா ஒரு வேலையை ஒரு முறைதான் சொல்வார். குரல் உயராது. நான் மறந்துவிட்டால் திரும்பச் சொல்ல மாட்டார். தானே எழுந்து, என் கண் முன்னால், மெதுவாக அதைச் செய்வார். மேசைவிரிப்பின் நுனி தரையில் படக்கூடாது என்று ஒருநாள் சொல்லியிருந்தார். நான் மறந்துபோனேன். விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து, குனிந்து, விரிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தார். ஏசியிருந்தால் அடுத்த வாரமே மறந்திருப்பேன். இன்றைக்கும் எந்த மேசைவிரிப்பைப் பார்த்தாலும் என் கண் நுனிக்குத்தான் போகிறது.

என் பெயர் ஜெசிந்தா. அவருக்கு நான் ஜாச்சின்தா. அவர் என்னை "நீ" என்பார், நான் "நீங்கள்" என்பேன். அங்கே எல்லோரும் பேசியது இத்தாலியன். அதை என் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

கோடை தொடங்கியதும் பியெத்ராசேராவுக்குப் போய்விடுவோம். பைன் காட்டுக்குள்ளால் வளைந்து வளைந்து ஏறும் ஒரே றோட்டு. ஊர் மலைச்சரிவில் படிப்படியாக அடுக்கியிருக்கும். அதற்கு மேல் ஒரு புல்லும் முளைக்காத பாறை, பாறையின் மேல் கோட்டை. பறோனெஸாவின் குடும்பத்தின் முதல் ஆள் குதிரையில் வந்த நோர்மன் வீரன் என்பார்கள். அரசன் கொடுத்த பாறையில் அவன் கோபுரம் கட்டினானாம். கோபுரத்துக்குக் கல் சுமந்தவர்கள் போட்ட குடிசைகள்தான் ஊராயினவாம். அதன் பிறகு பல நூறு வருடங்களாகக் கோதுமை வயல், ஒலிவ் தோட்டம், ஆலை, குடிக்கும் தண்ணீர்கூட அந்த வீட்டுக்குச் சொந்தம். ஊர்க்காரர் அந்த வீட்டுக்கு உழைத்தார்கள். பிறகு காலம் மாறி வயல்கள் கைவிட்டுப் போயின. கோட்டையும் பட்டமும் மிஞ்சின.

கோட்டை வேலையை எனக்குப் பழக்கியவள் பீனா. ஊர்க்காரி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், கோடையில் சமைக்க வருவாள். வெயில் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கத்து யன்னல் பலகைகளைக் காலையிலேயே மூட வேண்டும், மாலையில் எதிர்ப்பக்கத்தைத் திறந்தால் போதும், கல் வீடு தானாகக் குளிரும் என்றாள். தளபாடங்களை மூடியிருக்கும் வெள்ளைத் துணிகளை உள்பக்கமாக மடித்து எடுத்தால் வருடத் தூசி அறையில் கொட்டாது என்றாள். முற்றத்து மழைநீர்த் தொட்டியில் வாளியை எப்படி இறக்குவது என்றும் காட்டினாள். அந்தத் தொட்டியடியில் வைத்துத்தான் கதவின் கதையையும் சொன்னாள்.

கோட்டை வாசலுக்கு வெளியே அகலமான கல் படிகள் இருக்கின்றன. ஊரில் அவற்றை அழுகைப் படி என்பார்கள்.

"கடற்கொள்ளைக்காரர் வந்த நேரம் ஊர் முழுக்க இந்தப் படியிலை நிண்டு கதவைத் தட்டினது" என்றாள் பீனா. "இந்த வீட்டுப் பறோனே திறக்கேல்லை. கொஞ்சப் பேரை வெட்டிப் போட்டாங்கள். மிச்சப் பேரை அடிமையா விக்கக் கொண்டு போட்டாங்கள். இந்த வீட்டுக்காரர் மேலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தவை."

அவள் சொல்லி முடித்தபோது பறோனெஸா எங்களுக்குப் பின்னால் நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

"உள்ளே தொற்றுநோய் இருந்தது" என்றார். "திறந்திருந்தால் ஊரே செத்திருக்கும். அதனால் திறக்கவில்லை. ஊருக்கு இந்தக் கதை பிடிக்காது. இதில் குற்றவாளி என்று யாரும் இல்லை."

பீனா வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. அவர்கள் இருவருக்கும்கூடத் தெரிந்திருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இரண்டு பேரும் நேற்றுப் பார்த்ததுபோலப் பேசினார்கள்.

அந்தக் கதையால் வந்த வழக்கம் ஒன்று இருந்தது. ஊர்ப் புனிதரின் பெருநாளில் அவருடைய சிலையை, சுருவத்தை, தூக்கிக்கொண்டு படிகளால் ஏறி வருவார்கள். சுருவம் தூக்குகிறவர்களில் மூத்தவர் கதவை மூன்று தரம் தட்டுவார். உள்ளேயிருந்து அந்தக் குடும்பத்து ஆள் ஒருவர், தன் கையால், கதவைத் திறக்க வேண்டும். வேலைக்காரர் கை படக்கூடாது. அது மன்னிப்புக் கேட்பது என்று ஊர் சொல்லும், மரியாதை கொடுப்பது என்று பறோனெஸா சொல்வார்.

அதற்கான ஆயத்தம் என் வேலை. முதல் நாளே பூட்டுக்கு ஒலிவ் எண்ணெய் விடுவேன். முழங்கை நீளத் திறப்பை, அந்தச் சாவியை, சாம்பல் போட்டுத் துலக்கி ஆணியில் மாட்டுவேன். கதவுக்குக் குறுக்கே ஒரு மரச் சட்டம் கிடக்கும். அதை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கலாம். அதை நானும் பீனாவும் காலையிலேயே எடுத்து வைத்துவிடுவோம். இடப்பக்கக் கதவுக்குள் ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய சின்னக் கதவு உண்டு. அன்று அது பூட்டியே இருக்கும். வலப்பக்கக் கதவை முதலில் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் இறுகிவிடும். பறோனெஸா கழுத்திலிருந்து இடுப்புவரை துணிப் பொத்தான்கள் வைத்த கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கி வருவார். முதல் தட்டுக் கேட்டதும் நானும் பீனாவும் தூணுக்குப் பின்னால் போய்விட வேண்டும்.

பல கோடைகள் அப்படிப் போயின. பிறகு அவருக்குப் பாரிசவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கை சுருண்டுவிட்டது, காலை இழுத்து இழுத்து நடந்தார். என் வேலையும் மாறியது. உடுப்புப் போடும்போது பலமில்லாத கையை முதலில் சட்டைக்குள் விட வேண்டும், கழற்றும்போது பலமான கையை முதலில் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் தோள்மூட்டு விலகிவிடும். ஆஸ்பத்திரித் தாதி காட்டித் தந்த இந்த ஒழுங்கை நான் அதன் பிறகு ஒருநாளும் மாற்றவில்லை. பொத்தான்களைத் தானே பூட்டுவேன் என்று இடது கையால் மினக்கெடுவார். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். முடியாமல் போனால் யன்னல் பக்கம் பார்ப்பார். அதுதான் எனக்கு அனுமதி.

அந்த நாளிலிருந்து என் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பவர் கோராதோ ஆனார். அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், பயந்த மனிதர். கோட்டையின் மேற்குப் பக்கத்துக் கூரை உக்கிப்போய்விட்டது, யாரும் உள்ளே நிற்கக்கூடாது என்று ஊர்மன்றம் கதவில் அறிவித்தல் ஒட்டி, சிவப்பு வெள்ளை நாடா கட்டிவிட்டுப் போனது. கூரையைத் திருத்த அவர்களுக்கு வசதி இல்லை. மாமி இனி அங்கே போகக்கூடாது என்று கோராதோ சொன்னார். பறோனெஸா ஒரு முறை, "போகிறேன்" என்றார். போனோம். கிழக்குப் பக்கத்தில் இரண்டு அறைகளில் இருந்தோம்.

அந்த ஜூலையில் ஷிரோக்கோ அடித்தது. ஆபிரிக்கப் பக்கமிருந்து வரும் சுடுகாற்று, பாண் சுடும் போறணை வாயில் நிற்பதுபோல இருக்கும். காலையிலேயே தெற்கே மலைகளுக்குப் பின்னால் புகை தெரிந்தது. ஒவ்வொரு கோடையும் எங்கேயாவது எரிவதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வேலையில் மனம் நிற்கவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு காய்ந்த துணி எடுக்கப் போனபோது, வெள்ளைத் தலையணை உறையில் சாம்பல் கிடந்தது. கையால் தட்டினேன், கறுப்பாக இழுபட்டது.

உடனே பீனாவிடமிருந்து போன் வந்தது.

"கீழ் றோட்டு போச்சு, காடு எரியுது. ஒருத்தரும் இறங்கேலாது. நாங்கள் எல்லாரும் மேலை வாறம், திற!"

அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. கோட்டையைச் சுற்றி வெறும் பாறை, எரிய ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே? மேற்குக் கூரை முழுக்க உலர்ந்த மரம். குசினியில் காஸ் சிலிண்டர்கள் இருந்தன. வெளியே போக வழி அந்த ஒரு கதவுதான். தீப்பொறி ஒன்று கூரையில் விழுந்தால், நான் திறந்து விட்ட சனமெல்லாம் எனக்கு முன்னால் எரிந்துபோகும். வாறன், வாறன் என்று மட்டும் சொன்னேன்.

சிலிண்டர்களை உருட்டித் தொட்டியடிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தபோது கோராதோ போன் எடுத்தார்.

"தீயணைப்புக்காரருக்குச் சொல்லிப்போட்டன், மாமியைக் கூட்டிப்போக வருவினம். அதுவரைக்கும் கதவைத் திறக்காதை. ஒருத்தரையும் உள்ளுக்கு விடாதை. அறிவித்தல் ஒட்டியிருக்கு. கூரை விழுந்து ஆருக்கும் ஏதும் நடந்தால், மாமிதான் கோட்டுக்குப் போக வேணும். விளங்குதோ? நீயும் போவாய்."

"சனம் வருகுது, அவொக்காத்தோ" என்றேன். வக்கீலை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"சனத்தைப் பாக்க அரசாங்கம் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஸ்ஃபெர்ராகவால்லோவில் ரிவியில் புகையைப் பார்த்துவிட்டு அன்ரன் போன் எடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஜெசி, இஞ்சை பார். அந்த மனிசன் சொன்னதை மட்டும் செய். அடுத்த மாதம் வதிவிடப் பெர்மெஸோ புதுப்பிக்க வேணும், அவன்ரை கையெழுத்து இல்லாமல் ஒண்டும் நடக்காது. நீ உன்ரை உயிரைப் பார்."

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

பறோனெஸாவின் அறைக்கு ஓடினேன். அவர் கதிரையை யன்னலடிக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். ஊர்ச்சனம் படிகளில் ஏறி வருவது அங்கிருந்து தெரிந்தது. பெரும்பாலும் வயதானவர்கள். ஒருவரைச் சக்கர நாற்காலியோடு தூக்கி வந்தார்கள்.

"கோராதோ என்ன சொன்னான்?"

"திறக்க வேண்டாம் என்று சொன்னார்."

"பிறகு என்னிடம் ஏன் வந்தாய்?"

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அவன் சொன்னபடி செய் என்கிறாரா? அல்லது அவனைக் கேட்டது ஏன் என்கிறாரா? நான் நின்றேன். கீழே கதவில் முதல் அடி விழுந்தது.

"என் கறுப்புச் சட்டையை எடு" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. தானே இறங்கித் தன் கையால் திறக்கப்போகிறார். நான் அலுமாரியைத் திறந்து சட்டையை எடுத்தேன். பலமான கையை முதலில் கழற்றினேன். பலமில்லாத கையை முதலில் விட்டேன். விரல்கள் சுருண்டு உள்துணியில் மாட்டிக்கொண்டன. மெதுவாக எடுத்துவிட்டேன். பொத்தான்கள். அந்தப் பொத்தான்களை நான் இன்றைக்கும் கனவில் பூட்டுகிறேன். வழுக்கும், துளை சிறியது, என் கை வியர்த்திருந்தது. கீழே அடி விழுந்துகொண்டே இருந்தது. உள்ளங்கையால் அடிக்கும் சத்தம். யுத்தத்தால் இடம்பெயர்ந்த நாட்களில் நானும் ஒரு பள்ளிக்கூடத்துக் கேற்றில் அப்படி அடித்திருக்கிறேன். உள்ளே நின்றவர் ஓடர் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் மறக்கவில்லை.

பாதிப் பொத்தான்கள் மிஞ்சியிருந்தன. புகை யன்னலை மறைத்தது. யாரோ ஒரு பெண் என் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

நான் கையை எடுத்துவிட்டு ஓடினேன்.

"ஜாச்சின்தா!"

அத்தனை வருடத்தில் அவர் குரலை உயர்த்தியது அன்றுதான். நில் என்றாரா, என்னையும் கூட்டிப்போ என்றாரா தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சின்னக் கதவைத்தான் முதலில் திறந்தேன். பீனா உள்ளே விழுந்தாள். முகம் கறுத்திருந்தது. "பெரிசைத் திற, நாற்காலி இதுக்குள்ளாலை வராது" என்று இருமினாள். இரண்டு பேரும் சேர்ந்து குறுக்குச் சட்டத்தைத் தூக்கி எறிந்தோம். திறப்பைப் போட்டுத் திருப்பினேன். திரும்பவில்லை. பெருநாளுக்கு இன்னும் நாளிருந்தது, எண்ணெய் விடவில்லை. பீனா என் கைக்கு மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். பூட்டு விட்டது. வலப்பக்கத்தை இழுத்தேன்.

சனம் உள்ளே வந்தது. இருமல் மட்டும்தான். எல்லோரையும் கிழக்குச் சுவரோரம் போகச் சொன்னேன், மேற்குப் பக்கம் போகாதேயுங்கோ, கூரை விழும் என்று என் உடைந்த குரலில் கத்திக்கொண்டே இருந்தேன். முற்றத்து ஓரங்களில் முளைத்திருந்த காய்ந்த புல் என் கண்ணில் பட்டது. இதை ஏன் பிடுங்கவில்லை என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

திடீரென்று எல்லோரும் மேலே பார்த்தார்கள். மாடிப்படியில் பறோனெஸா நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாக இறங்கியிருக்கிறார். சட்டை பாதி பூட்டியபடி, உள்சட்டை தெரிந்தது. அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படுக்கை விரிப்புகள் எல்லாவற்றையும் தொட்டிக்குள் போடு" என்றார்.

குடும்பச் சின்னம் தைத்த லினன் விரிப்புகள். அவற்றை நான் கையால் மட்டுமே கழுவுவேன். பீனாவும் இன்னும் சில பெண்களும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். நனைத்துத் தலைகளை மூடினோம், சிலிண்டர்களை மூடினோம், புல்லின் மேல் விரித்தோம். முற்றத்தின் நடுவில் ஒரு கதிரையில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார், எல்லோரும் செய்தார்கள். அந்தக் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் திட்டியவர்கள்தான்.

காற்று பொறிகளைக் கொண்டுவந்தது. மேற்குக் கூரையில் புகை எழுந்தது. பீனாவின் தம்பி சால்வோ, நாடாவைத் தாண்டி, நனைந்த சாக்கோடு கூரையில் ஏறினார். பொறிகளை அடித்து அணைத்துக்கொண்டு முன்னால் போனார்.

"இறங்கு" என்றார் பறோனெஸா.

ஒரு முறை. அதே தாழ்ந்த குரலில். அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. நான் சால்வோ, சால்வோ என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தபோது கூரை உள்ளே போனது.

அவர் சாகவில்லை. தீ பிடிக்குமுன் ஆண்கள் கூரை வளையை நகர்த்தி அவரை இழுத்தெடுத்தார்கள். ஒரு கால் நசுங்கிவிட்டது. மாலையில் காற்று திரும்பியது. விமானங்கள் தண்ணீர் கொட்டிவிட்டுப் போயின. தீ பாறையடியில் நின்றது. ஊரின் கீழ்வீடுகள் சில எரிந்துபோயின, ஆட்கள் ஒருவரும் போகவில்லை. சால்வோவை ஹெலியில் ஏற்றும்போது பீனா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் எனக்கு இன்னும் அதிகப் பயம். மூடச் சொன்ன கட்டடத்துக்குள் சனத்தை விட்டது யார், ஒருவர் கால் நசுங்கியதற்கு யார் பொறுப்பு என்று விசாரணை தொடங்கியது. கோராதோ கோபமாகக்கூடப் பேசவில்லை. "நான் சொன்னதை நீ சொல்லுவாய்தானே? திறக்காதை எண்டு நான் சொன்னனான்" என்றார். ஓம் என்றேன். ஒப்பந்தம் புதுப்பிப்பதைப் பற்றிக் கேட்டேன். பிறகு பார்ப்போம் என்றார். அன்ரன் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தார். நாங்கள் மன்னாருக்குத் திரும்பிப் போனால் எங்கே இருப்பது என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மரெஷாலோ, அதாவது அந்த ஊர் கரபினியேரிப் பொலிசின் பொறுப்பதிகாரி, கால்சா வீட்டுக்கு வந்தார். கொஞ்சம் பருத்த, மரியாதையான மனிதர். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். என்னைத்தான் கேட்கப்போகிறார் என்று வாய்க்குள் வசனங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"பறோனெஸா, அண்டைக்குக் கோட்டைக் கதவைத் திறந்தது ஆர்?"

"நான்."

மரெஷாலோ அவருடைய வலது கையைப் பார்த்தார். அது மடியில் சுருண்டு கிடந்தது.

"நீங்களோ?"

"வேறு யார் திறப்பார்கள்? எங்கள் வீட்டுக் கதவை எங்கள் கைதான் திறக்கும். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்." பிறகு என்னைப் பார்க்காமலே, "ஜாச்சின்தா, மரெஷாலோவுக்குக் கோப்பி" என்றார்.

நான் குசினிக்குப் போய்க் கோப்பிப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு, தண்ணீர் விட்டேனா என்று மறந்து, திறந்து பார்த்து, திரும்ப மூடினேன். கோப்பியைக் கொண்டுபோனபோது மரெஷாலோ எழுதி முடித்திருந்தார்.

அவர் போனதும் கேட்டேன். "சிஞ்ஞோரா, ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

"நீ திறந்தாய் என்றால் உன் பெர்மெஸோவைக் கேட்பார்கள். நான் திறந்தேன் என்றால் கோப்பி கேட்பார்கள்."

அன்று பின்னேரமே கோராதோவை வரவழைத்தார். என் ஒப்பந்தத்தை மேசையில் வைத்து, "கையெழுத்து வை" என்றார். ஒரு முறைதான்.

ஆனால் அது அத்தோடு முடியவில்லை. சாட்சி சொல்ல பீனாவையும் கூப்பிட்டிருந்தார்கள். திறப்பின் மேல் என் கையோடு அவள் கையும் இருந்தது. அவள் உண்மையைச் சொன்னால் பறோனெஸாவின் வாக்குமூலம் பொய்யாகிவிடும். நான் ஆஸ்பத்திரியில் சால்வோவைப் பார்க்கச் சூப்போடு போனபோது அவள் வாசலில் நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

"அந்தக் கதவு எங்களுக்கு எத்தினை நூறு வருசமாப் பூட்டியிருந்தது தெரியுமே?" என்றாள். "கடைசியா ஒருக்காத் திறந்துது. திறந்தது நீ. நான் கை வைச்சனான். அதையும் அவை தங்கடை பேரிலை எழுதிப்போட்டினம்."

"நீ என்ன சொன்னனீ?"

"அவதான் திறந்தவ எண்டு சொன்னன்." சூப் வாளியை என் கையிலிருந்து வாங்கினாள். "அவைக்காகச் சொல்லேல்லை. விளங்குதே?"

விளங்கியது. நான் அவளைக் கட்டிப்பிடிக்கப் போனேன். "சூப் சிந்தும்" என்று விலகி உள்ளே போனாள். சால்வோவுக்கு இப்போதும் கால் நொண்டிதான். நான் அந்தக் கதவைத் திறக்காமல் விட்டிருந்தால் அவர் இருந்திருக்கவே மாட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவரும் சொல்கிறார். ஆனால் அவர் படியேறுவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பேச்செல்லாம் உதவுவதில்லை. என் குரலுக்குத் திரும்பினாரே, திரும்பாமல் இன்னும் இரண்டு அடி வைத்திருந்தால் தப்பியிருப்பாரா என்று யோசிப்பேன்.

பறோனெஸா பிறகு கோட்டைக்குப் போகவில்லை. அதை ஊர்மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கூரை திருத்தி, குடும்பத்தின் வரலாறும் ஊரின் வரலாறும் சொல்லும் சின்ன அருங்காட்சியகம் ஆக்கப்போகிறோம் என்று ஊர்மன்றத்திலிருந்து ஒரு இளம்பெண் போனில் பதிவு செய்ய வந்தாள். நல்ல பிள்ளை. நோர்மன் வீரனிலிருந்து தொடங்கினாள். கடற்கொள்ளைக்காரர் காலத்துக்கு வந்தபோது, இரண்டு கதைகளையும் எழுதுவோம் என்றாள். பறோனெஸா மறுக்கவில்லை. கடைசியில் தீயைப் பற்றிக் கேட்டாள்.

"அண்டைக்கு நீங்களே இறங்கிப் போய்த் திறந்தனீங்களாம். ஊரிலை பிள்ளையளுக்கும் அது தெரியும். அதை உங்கடை வாயாலை சொல்லுங்கோ."

பறோனெஸா சொன்னார். புகை, படியில் ஏறிய சனம், கறுப்புச் சட்டை, பூட்டு இறுகியிருந்தது, வலப்பக்கக் கதவை முதலில் இழுத்தது. எல்லாம் சரியாக இருந்தது. நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் குரலில் கேட்கும்போது எனக்கே அவர்தான் திறந்தார் என்று தோன்றிவிட்டது. பூட்டு இறுகியிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதில்லை. பீனா சொல்லியிருப்பாளா? அவர்கள் இரண்டு பேரும் நான் இல்லாத நேரம் எதையோ பேசியிருக்க வேண்டும்.

அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் அவரைக் கட்டிலில் சாய்த்தேன். பலமான கையை முதலில் கழற்றினேன். கீழே மதுக்கடையில் பெடியள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் யன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்.

"உனக்கு என்மேல் கோபமா?"

"இல்லை, சிஞ்ஞோரா."

உண்மையில் எனக்கு என்ன இருந்தது என்று எனக்கே தெரியாது. பெர்மெஸோ கையில் இருந்தது. அன்ரன் நிம்மதியாக நித்திரை கொண்டார். கோபப்பட எனக்கு வழியே இருக்கவில்லை.

நித்திரையாகிவிட்டார் என்று நினைத்து விளக்கை அணைக்கப் போனேன்.

"நானாக இருந்தால் கோபப்பட்டிருப்பேன்" என்றார்.

விளக்கை அணைக்காமல் அவர் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். போகச் சொல்லவில்லை. இடது கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.